நள்ளிரவில் தலைமை மாறினால்

சென்ற சில திங்களாக நம் சங்கக் கூட்டங்களுக்கு வரும் தாய்மார் பலர் ஒரே வினாவை வெவ்வேறு சொற்களில் நம்மிடம் கேட்டு வருகின்றனர். "இரவு இரண்டு மணிக்குத் தொலைபேசி ஒலிக்கிறது. பிள்ளை எழுந்து கணினியைத் திறக்கிறான். கறுப்புத் திரையில் எழுத்துகள் ஓடுகின்றன. என்னவென்று கேட்டால் 'ஃபெயில்ஓவர் ஆகிவிட்டது' என்கிறான். விடியும் வரை அதையே படித்துக்கொண்டிருக்கிறான். அப்படி என்னதான் படிக்கிறான்?" என்பதே அவ்வினா. இத்திங்கள் அதற்கு விடை கூற முயல்வோம். அத்தொழிலில் புதிதாகப் புகுந்துள்ள இளைஞர்களுக்கும் இதில் பயன்படும் செய்தி சில உண்டு.

நம்மவர் மும்பைக்கும் தில்லிக்கும் கல்கத்தாவுக்கும் முதன்முதல் வந்தபோது தட்டச்சும் சுருக்கெழுத்தும் கணக்கெழுத்துமே பலருக்குச் சோறு போட்டன. அவர்தம் பேரப்பிள்ளைகளிற் பலர் இன்று புனேயிலும் பெங்களூரிலும் ஐதராபாத்திலும் குருகிராமிலும் தரவுத்தளங்களைக் காக்கின்றனர். தொழிலின் பெயர் மாறியதே அன்றி, அதன் உள்ளம் மாறவில்லை. பேரேட்டில் ஒரு வரியும் தவறக் கூடாது என்ற கவலை அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது.

ஒரு பேரேடு, பல படிகள்

ஒரு வங்கியின் வரவுசெலவு முழுவதும் ஒரே கணினியில் இருப்பதாகக் கொள்வோம். அக்கணினி பழுதுற்றால் வங்கியே நின்றுவிடும். ஆகவே மூன்று கணினிகளை ஒரு குழுவாக அமைக்கின்றனர். இதனைக் கிளஸ்டர் என்பர். ஒன்று தலைமை, புதிய பதிவுகளை எழுதும் உரிமை அதற்கு மட்டுமே உண்டு. மற்ற இரண்டும் அது எழுதுவதை வரிக்கு வரி படியெடுத்துக்கொண்டே இருக்கும். தலைமை வீழ்ந்தால், படியெடுப்பவற்றுள் ஒன்று அப்பொறுப்பை ஏற்கும். எதிர்பாராமல் நிகழும் இத்தலைமை மாற்றமே ஃபெயில்ஓவர். பராமரிப்பிற்காக நாமே நேரங்குறித்துச் செய்யும் மாற்றத்திற்கு ஸ்விட்ச்ஓவர் என்று பெயர். இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதுவது இத்தொழிலில் புதியவர் பலர் செய்யும் முதற்பிழை.

போஸ்ட்கிரெஸ் என்னும் தரவுத்தளம் உலகெங்கும் வழங்குவது. அதன் குழுக்களைக் காக்கப் பேட்ரோனி என்ற கட்டற்ற மென்பொருளைப் பலர் பயன்படுத்துகின்றனர். அது வேலை செய்யும் முறை எளிதில் விளங்கக்கூடியதே. தலைமைக் கணினி தன் பெயர் பொறித்த சாவி ஒன்றைப் பொதுவிடத்தில் வைத்திருக்கும். எட்சிடி போன்ற மற்றொரு மென்பொருள் அப்பொதுவிடத்தைக் காக்கும். சாவியின் ஆயுள், மாற்றி அமைக்காவிடில், 30 விநாடி. தலைமை 10 விநாடிக்கு ஒருமுறை அதனைப் புதுப்பிக்கும். புதுப்பிக்கத் தவறினால் சாவி காலாவதியாகும். உடனே படியெடுக்கும் கணினிகள் அதனைக் கைப்பற்ற முனையும். மிகவும் பின்தங்கிய கணினி அப்போட்டியில் சேரக் கூடாது. அதற்கென இயல்பாக வைத்துள்ள எல்லை 1048576 பைட், அதாவது ஒரு மெகாபைட். தன் சாவியைப் புதுப்பிக்க இயலாத பழைய தலைமை தானே பதவி இறங்க வேண்டும் என்பதும் விதி. இரண்டு தலைமைகள் ஒரே நேரத்தில் எழுதத் தொடங்கினால் இரண்டு பேரேடுகள் உண்டாகிவிடும் அன்றோ? அதனைத் தடுக்கவே இவ்வளவு ஏற்பாடும்.

கறுப்புத் திரை ஏன்?

வண்ண வரைபடங்கள் காட்டும் கண்காணிப்புப் பக்கங்கள் இருக்க, கட்டளை வரியை ஏன் நாட வேண்டும் என்று சிலர் கேட்பர். வரைபடம் நலிவைக் காட்டும். நிகழ்ச்சிகளின் வரிசையைக் காட்டாது. அன்றியும், அக்கண்காணிப்புப் பக்கமே வீழ்ந்த தரவுத்தளத்தை நம்பி இயங்குவதாக இருந்தால் அதுவும் உடன் வீழும். கட்டளை வரியோ மெலிந்த இணைப்பிலும் இயங்கும். அது தருவன வெறும் எழுத்துகள். அவற்றை அப்படியே படியெடுத்து அறிக்கையில் சேர்க்கலாம்.

முதலில் இடவேண்டிய கட்டளை 'பேட்ரோனிசிடிஎல் லிஸ்ட்' என்பது. குழுவின் ஒவ்வோர் உறுப்பும் ஒரு வரியாகத் தோன்றும். பெயர், முகவரி, பதவி, நிலை, டைம்லைன் எண், பின்தங்கிய அளவு ஆகியன அவ்வரியில் இருக்கும். இப்போது தலைமை யார் என்பது இதனால் தெரியும். டைம்லைன் எண் என்பது ஆட்சிக்காலத்தின் எண் போன்றது. தரவுத்தளம் பிறந்தபோது அது 1. ஒவ்வொரு முறை புதிய தலைமை பதவி ஏற்கும்போதும் ஒன்று கூடும். எல்லா உறுப்புகளிலும் ஒரே எண் இருத்தல் வேண்டும். ஒன்றில் மட்டும் பழைய எண் இருந்தால், அவ்வுறுப்பு புதிய தலைமையைப் பின்பற்றவில்லை என்று பொருள்.

எடுத்துக்காட்டாக, நேற்று மாலை எண் 7. இன்று காலை 9. இரவில் அழைப்பு ஒன்றுதான் வந்தது. ஆயினும் தலைமை இருமுறை மாறியிருக்கிறது என்று அவ்வெண் கூறுகிறது. அழைப்பு வராத அந்த மற்றொரு மாற்றம் எப்போது, ஏன் நிகழ்ந்தது? விழிப்புள்ள பணியாளர் தேடத் தொடங்க வேண்டிய இடம் அதுவே.

இரண்டாவது கட்டளை 'பேட்ரோனிசிடிஎல் ஹிஸ்டரி'. இதுவரை நிகழ்ந்த தலைமை மாற்றங்களை இது நிரல்படக் காட்டும். எந்த டைம்லைன், பதிவேட்டின் எந்த இடத்தில் அது முடிந்தது, காரணம், நேரம், புதிய தலைமை என்னும் பகுப்புகள் அதில் உண்டு. ஈண்டு ஓர் எச்சரிக்கை. காரணம் என்ற பத்தியில் பெரும்பாலும் 'மீட்பு இலக்கு எதுவும் குறிக்கப்படவில்லை' என்னும் பொருளுடைய ஆங்கிலத் தொடரே காணப்படும். இதனைக் கண்டு, யாரோ ஓர் இலக்கைக் குறிக்க மறந்ததால் விபத்து நேர்ந்தது என்று அறிக்கை எழுதியவர் உண்டு. அது பிழை. தலைமை ஏற்கும் போதெல்லாம் போஸ்ட்கிரெஸ் வழக்கமாகப் பொறிக்கும் தொடர் அது. திட்டமிட்ட மாற்றமாயினும் திடீர் மாற்றமாயினும் அதுவே நிற்கும். உண்மைக் காரணத்தை அப்பத்தியில் தேடுதல் வீண்.

காரணத்தை அறிய மூன்றாவது கட்டளை வேண்டும். லினக்ஸ் கணினிகளில் 'ஜர்னல்சிடிஎல்' என்னும் கட்டளை, இன்ன சேவை இன்ன நேரம் முதல் இன்ன நேரம் வரை கூறியவற்றை எடுத்துத் தரும். பேட்ரோனி அமைதிக் காலத்தில், 'செய்வதற்கு ஒன்றுமில்லை. சாவி என்னிடம் உள்ளது' என்னும் பொருளுடைய வரியைச் சில விநாடிக்கு ஒருமுறை எழுதிக்கொண்டே இருக்கும். அவ்வரி எங்கே நின்றதோ அங்கே கண்ணை நிறுத்த வேண்டும். அடுத்து வரும் வரிகளே சான்று. பொதுவிடத்தை எட்ட முடியாமையால் பதவி இறங்கினேன் என்று பழைய தலைமை எழுதியிருந்தால், ஐயம் வலையமைப்பின் மீதோ எட்சிடியின் மீதோ செல்லும். தரவுத்தளமே இறந்துபட்டது என்று எழுதியிருந்தால் நினைவகம், வட்டு ஆகியவற்றை நோக்க வேண்டும். ஒரு கணினியின் ஏட்டை மட்டும் படித்து முடிவு கட்டலாகாது. பழைய தலைமை, புதிய தலைமை, பொதுவிடம் ஆகிய மூன்றின் ஏடுகளையும் நேரவரிசைப்படி அருகருகே வைத்துப் படித்தால்தான் நடந்தது விளங்கும்.

நேரத்தைப் பற்றி ஒரு சொல். பல கணினிகள் யூடிசி என்னும் உலகப் பொது நேரத்தில் எழுதுகின்றன. நம் கடிகாரம் அதற்கு 5 மணி 30 நிமிடம் முந்தியது. ஏட்டில் திங்கட்கிழமை 19:10 என்று இருந்தால், நமக்கு அது செவ்வாய்க்கிழமை நள்ளிரவு 12:40. நேரம் மட்டுமன்றி நாளும் மாறுகிறது. இதனை மறந்தவர் வேறொரு நாளின் ஏட்டைப் புரட்டிவிட்டு, ஒன்றும் நிகழவில்லை என்று சொல்லிவிடுவர்.

அழிந்துபோகும் சான்றுகள்

இங்கேதான் பொறுப்பு கனக்கிறது. சான்று எப்போதும் நமக்காகக் காத்திருப்பதில்லை. லினக்ஸ் கணினி சிலவற்றில் இவ்வேடுகள் வட்டில் சேமிக்கப்படாமல் தற்காலிக நினைவகத்திலேயே இருக்கும்படி அமைந்திருக்கும். அக்கணினியை ஒருமுறை அணைத்து எழுப்பினால் அன்றிரவின் சான்று முழுவதும் போய்விடும். அமேசானின் மேகத் தரவுத்தளச் சேவையில் நிகழ்ச்சிகளைக் கேட்கும் கட்டளை ஒன்று உண்டு. கால அளவு குறிப்பிடாவிடில் அது கடந்த 60 நிமிட நிகழ்ச்சிகளையே தரும். இரவு 2 மணிக்கு நிகழ்ந்ததைக் காலை 9 மணிக்குக் கேட்டால் திரை வெறுமையாக நிற்கும். 20160 நிமிடம், அதாவது 14 நாள் வரை பின்னோக்கிக் கேட்கலாம். அதற்கு அப்பால் அக்கட்டளைக்கு விடையில்லை.

இவற்றினும் பெரிய இழப்பு ஒன்றும் உண்டு. படியெடுப்போர் வரி பெற்றுக்கொண்டனரா என்று காத்திராமல் தலைமை எழுதிச் செல்லும் அமைப்பே மிகுதியாக வழங்குகிறது. அவ்வமைப்பில், தலைமை வீழும் நொடிக்கு முன் எழுதிய சில வரிகள் மற்றவற்றைச் சென்று சேர்ந்திரா. ஒருவர் பணம் செலுத்துகிறார். 'பெறப்பட்டது' என்ற செய்தியும் அவருக்கு வருகிறது. புதிய தலைமையின் பேரேட்டிலோ அவ்வரி இல்லை. அது பழைய தலைமையின் வட்டில் மட்டுமே உள்ளது. பழைய தலைமை மீண்டும் எழுந்து குழுவில் சேரும்போது, புதிய பேரேட்டிற்கு ஒத்திசையும்படி அதனைப் பின்னோக்கித் திருத்தும் கருவி இயங்குவதாக அமைந்திருந்தால், அந்த வரிகள் மாற்றி எழுதப்படும். ஆகவே, முதலில் படியெடுத்து வைத்தல், பின்னரே கணினியை எழுப்புதல் என்னும் ஒழுங்கு வேண்டும். ஹிஸ்டரிக் கட்டளை காட்டும் பதிவேட்டு இடத்தையும், பழைய தலைமை கடைசியாக எழுதிய இடத்தையும் ஒப்பிட்டால், எவ்வளவு இழப்பு என்பது தெரியவரும். படியெடுப்போர் ஒப்புதல் அளிக்கும் வரை காத்திருந்து எழுதும் அமைப்பும் உண்டு; அதில் வேகம் குறையும், இழப்பு அச்சமும் குறையும்.

நாற்பத்து மூன்று விநாடி

இத்துறையில் யாவரும் அறியவேண்டிய நிகழ்ச்சி ஒன்று அமெரிக்காவில் நடந்தது. உலகின் நிரலாளர் பலர் தம் ஆக்கங்களைச் சேமித்து வைக்கும் கிட்ஹப் நிறுவனத்தில், 2018 அக்டோபர் 21 அன்று யூடிசி நேரம் 22:52க்குப் பழுதுபட்ட ஒளியிழைக் கருவி ஒன்றை மாற்றினர். வழக்கமான பராமரிப்புப் பணிதான். அதனால் கிழக்குக் கடற்கரையின் தலைமைத் தரவு மையத்திற்குத் தொடர்பு 43 விநாடி அறுந்தது. அங்கே மைஎஸ்க்யூஎல் தரவுத்தளங்களைக் காத்த ஆர்க்கெஸ்ட்ரேட்டர் என்னும் மென்பொருள், எஞ்சியவர்களின் பெரும்பான்மை வாக்கால், மேற்குக் கடற்கரைக் கணினிகளுக்குத் தலைமையை மாற்றியது. அமைத்தபடியே அது நடந்துகொண்டது. கருவியில் பிழை இல்லை.

சில நிமிடங்களில் எச்சரிக்கைகள் எழுந்தன. 23:02க்குள் பொறியாளர்கள், பல தரவுத்தளக் குழுக்கள் எதிர்பாரா நிலையில் இருப்பதை உணர்ந்தனர். ஆர்க்கெஸ்ட்ரேட்டரிடம் குழுவின் அமைப்பைக் கேட்டபோது, மேற்குக் கடற்கரைக் கணினிகள் மட்டுமே அதில் தோன்றின. கிழக்கில் எழுதப்பட்ட சில விநாடிப் பதிவுகள் மேற்கைச் சேரவில்லை. மேற்கிலோ அதற்குள் புதிய பதிவுகள் குவிந்துகொண்டிருந்தன. ஒன்றில் உள்ளது மற்றொன்றில் இல்லை. உடனே பழைய இடத்திற்குத் திரும்பினால் மேற்கில் எழுதியவை அழியும். ஆகவே வேகத்தைத் துறந்து தரவைக் காப்பது என்று முடிவு செய்தனர். காப்புப் படிகளிலிருந்து பல டெராபைட் தரவை மீட்டெடுத்தனர். சேவை முழு நலம் பெற 24 மணி 11 நிமிடம் ஆயிற்று. மிகுந்த வேலையுள்ள குழு ஒன்றில் மட்டும் 954 பதிவுகள் கிழக்கில் தனித்து நின்றிருந்தன. பின்னர், ஒரு கடற்கரையிலிருந்து மற்றொன்றுக்குத் தலைமை தானே தாவாதபடி ஆர்க்கெஸ்ட்ரேட்டரின் அமைப்பைத் திருத்தினர்.

954 என்ற எண்ணை அவர்கள் எவ்வாறு அறிந்தனர்? அப்பதிவுகள் பதிவேட்டில் எஞ்சியிருந்தமையால் அறிந்தனர். சான்று காக்கப்பட்டமையால் ஒவ்வொன்றாக ஆராயவும் முடிந்தது. 'ஏதோ சில போயிருக்கலாம்' என்பது ஒரு விடை. 'போனவை இத்தனை' என்பது மற்றொரு விடை. பணம் செலுத்தியவருக்கு இரண்டாவது விடைதான் வேண்டும்.

நம் நாட்டில் நடந்தது

நம் நாட்டிலும் இப்பாடம் பெரிய விலைக்கே கற்கப்பட்டது. 2021 பிப்ரவரி 24 அன்று மும்பையிலுள்ள தேசியப் பங்குச்சந்தையில் காலை 11:40க்கு வணிகம் நின்றது. மாலை 3:45க்கே மீண்டும் தொடங்கி 5 மணி வரை நடந்தது. தொலைத்தொடர்பு இணைப்புகள் தடுமாறின. அதனைத் தொடர்ந்து சேமிப்பகம் எதிர்பாராதவாறு நடந்துகொண்டது. இடர்காப்புக் கணிப்பு முறை கிட்டாமற் போயிற்று. பேரிடர்க்கால மாற்று மையம் சென்னையில் இருந்தும் வணிகம் அங்கு மாற்றப்படாதது ஏன் என்று ஒழுங்குமுறை வாரியமான செபி விளக்கம் கேட்டது. அடுத்த திங்களே அவ்வாரியம் புதிய விதிகளை வகுத்தது. முக்கிய அமைப்பு தடைப்பட்டால் 30 நிமிடத்திற்குள் அதனைப் பேரிடர் என அறிவித்தல் வேண்டும். அறிவித்த பின் 45 நிமிடத்திற்குள் மாற்று மையத்திலிருந்து பணி தொடங்கல் வேண்டும். இழக்கக்கூடிய தரவின் எல்லை 15 நிமிடம் என்பன அவ்விதிகள்.

முப்பது நிமிடத்திற்குள் பேரிடர் என்று அறிவிக்க வேண்டுமாயின், அதற்கு முன்பே நிகழ்ந்ததைப் படித்து முடித்திருத்தல் வேண்டும் என்பதை நோக்குக. கட்டளைகளை அன்றுதான் கற்கத் தொடங்குபவரால் அது இயலாது. ஆகவேதான் ஒத்திகை வேண்டும் என்கிறோம். 2024 மார்ச் 2, சனிக்கிழமையன்று தேசியப் பங்குச்சந்தை மெய்யான வணிகத்தையே ஒத்திகையாக நடத்தியது. காலை 9:15 முதல் 10 மணி வரை தலைமை மையத்திலிருந்தும், 11:30 முதல் 12:30 வரை மாற்று மையத்திலிருந்தும் அன்று வணிகம் நடந்தது.

இளைஞர்க்குச் சில சொற்கள்

லிஸ்ட், ஹிஸ்டரி என்னும் இரு கட்டளைகளும் படிப்பன மட்டுமே, எதனையும் மாற்றா. ஆகவே அச்சமின்றிப் பகலிலேயே பழகிக்கொள்ளுங்கள். இவற்றோடு ஒரே குடும்பத்தில் பிறந்த 'ஃபெயில்ஓவர்' கட்டளை அத்தகையதன்று. அது தலைமையையே மாற்றும். உறக்கக் கலக்கத்தில் அதனை இடாதீர்கள். தலைமையைக் கட்டாயமாக மாற்றும் முன், பழைய தலைமை உண்மையிலேயே ஓய்ந்துவிட்டதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். பராமரிப்புப் பணி தொடங்குமுன் தானியங்கி மாற்றத்தை நிறுத்திவைக்கும் 'பாஸ்' கட்டளையை இடுவதும், பணி முடிந்தபின் 'ரெசியூம்' கட்டளையால் அதனை மீண்டும் இயக்குவதும் நல்ல வழக்கம். பின்னதை மறந்தால், அடுத்த முறை தலைமை வீழும்போது அப்பொறுப்பை ஏற்க எவரும் வரமாட்டார்.

மறுநாட் காலைக் கூட்டத்தில் 'யார் செய்தது?' என்ற வினா முதலில் எழும். ஏடுகள் அவ்வினாவிற்கு விடை கூறுவதில்லை; எது, எப்போது, எதன்பின் எது என்றே கூறுகின்றன. உங்கள் அறிக்கையும் அவ்வாறே இருக்கட்டும். நேரத்தை முதலில் எழுதுங்கள். கண்ட வரியை அப்படியே அடுத்து எழுதுங்கள். உங்கள் ஊகத்தை, ஊகம் என்று குறித்துத் தனியே எழுதுங்கள். வெளியூரில் பிழைக்கும் நம் பிள்ளைகளுக்கு, பழி வரும் நாளில் பரிந்து பேச அண்டையில் உறவினர் இரார். நேரத்தோடு எழுதிவைத்த ஏடே அன்று அவர்களுக்குத் துணை நிற்கும்.

வீட்டிலுள்ளோர் ஒன்றை மனத்திற் கொள்க. சேவை மீண்டுவிட்டது என்று சொன்ன பிறகும் பிள்ளை ஒரு மணி நேரம் திரையை விட்டு எழாதிருந்தால், அது வீண் விழிப்பன்று. அழியுமுன் சான்றைப் படியெடுக்கும் நேரம் அது. எழுப்பிக் கேள்வி கேட்காமல், ஒரு குவளை காப்பியை அருகில் வைத்துவிட்டுச் செல்லுதல் போதும்.

காப்புப் படிகள் இருந்தும் அவற்றிலிருந்து மீட்க இயலாமற் போவது ஏன் என்று அன்பர் சிலர் கேட்டுள்ளனர். அடுத்த திங்கள் அதனை எடுத்துக்கொள்வோம்.